கொத்தனார் செல்களும் அண்ணியின் வாயும்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணி பேசிவிட்டார்!

பக்கவாதம் வந்து வார்டில் படுத்ததிலிருந்து அவர் வாயில் ஒரு சத்தம் இல்லை. இன்று மதியம் சாப்பாட்டுத் தள்ளுவண்டிக்காரர் சூப் கிண்ணத்தை வைத்தார். அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்றார்.

தள்ளுவண்டிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்க் கட்டில்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து செருப்பைத் தேடினார். நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

என் வீட்டுக்காரரின் அக்கா. பஸ் நிலையத்தில் முப்பது வருடமாக மைக் பிடிக்கிறவர். எந்த வண்டி எப்போது எங்கே நிற்கும் என்று ஊருக்குச் சொல்கிற அதே குரலில்தான், கல்யாணமான நாளிலிருந்து, எனக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்றும் சொல்லி வந்திருக்கிறார். எங்கள் சண்டைகளைக் கேட்க அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். ஒருவரை ஒருவர் மிஞ்சப் பேசுகிற இருவரில் ஒருத்தி திடீரென்று ஊமையாகிவிட்டால் இன்னொருத்தி என்னதான் செய்வாள்?

மாலையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். சின்னப் பெண், குதிரைவால் முடி, முகத்தில் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிறவரின் பொறுமை. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"அது தானா வர்றது ஆன்ட்டி. விக்கல் மாதிரி. சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாக்கியம், அது மட்டும் தனியாத் தப்பிச்சிருக்கும். அவங்க நினைச்சு, தேடி, ஒரு வார்த்தையை எடுத்துச் சொல்லணும். அதுக்குத்தான் காத்திருக்கோம்."

"வருமா?"

"வரலாம். ரொம்ப நாளாகலாம். வராமயும் போகலாம்."

இவ்வளவு அழகான பெண்ணுக்கு இப்படி ஒரு வாயா.

மார்ச் 5, புதன்

இன்று நர்சுக்கு, டாக்டருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ஒரு பல்லிக்கு — எல்லோருக்கும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." எனக்கு மட்டும் அதுகூட இல்லை. முறைப்பு மட்டும். அப்பாடா, முறைப்பு பழுதாகவில்லை.

மார்ச் 6, வியாழன்

தலைகால் புரியவில்லை. அண்ணியை எங்கள் ஆராய்ச்சியிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள்!

நான் இதே மருத்துவமனையின் நாலாவது மாடியில், செல் வளர்க்கும் ஆய்வகத்தில் டெக்னீசியன். வீட்டில் ஒரு தொட்டிச் செடியைக்கூடப் பிழைக்க வைக்கத் தெரியாத எனக்கு இங்கே மனித செல்களை வளர்க்கச் சம்பளம். எங்கள் தலைவி பெரிய ஆராய்ச்சி டாக்டர். ஆய்வகத்திலேயே குளிர்ந்த பெட்டி மைனஸ் எண்பது டிகிரியில் இருக்கும். அவருடைய பார்வையும் அங்கேதான் இருக்கும் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் மைனஸ் எண்பது. அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் இந்த டைரி என் மரண வாக்குமூலம்.

அவர் தேடுவது என்ன என்றால் — நம் ரத்தத்தில், கோடிக்கணக்கான மற்ற செல்களுக்கு நடுவே, மிக மிகக் கொஞ்சமாகச் சில செல்கள் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் எங்காவது கிழிந்தால் போய்ப் பூசி அடைப்பவை, அடைபட்ட இடத்தைச் சுற்றிப் புதுச் சந்து போடுபவை. நான் வைத்த பெயர் கொத்தனார்கள். பக்கவாதம் என்பது மூளையில் ஒரு குழாய் அடைத்து, அந்தப் பேட்டையே தண்ணீர் லாரி வராத தெருவாகிவிடுவது. அந்த நேரம் யார் ரத்தத்தில் கொத்தனார்கள் அதிகமோ அவர்கள் நன்றாகத் தேறுகிறார்களா? இதுதான் கேள்வி. பதில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எங்களுக்கு ஏன் சம்பளம்.

அண்ணி தலையாட்டிச் சம்மதித்தார், தம்பிக்காரர் கையெழுத்துப் போட்டார். நான் நல்ல பிள்ளையாக மேடத்திடம் போய், "எங்க வீட்டு ஆளு ஒருத்தர் இதுல இருக்காங்க மேடம்" என்றேன்.

"உங்களுக்கு நம்பர் மட்டும்தான் வரும். எது யாருதுன்னு தேடப் போனீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் நீங்க டெஸ்ட் ட்யூப் கழுவத்தான் லாயக்கு."

"சேச்சே. நான் ஏன் மேடம் தேடப்போறேன்?"

மார்ச் 7, வெள்ளி

தேடவில்லை. ரத்தமே என்னைத் தேடி வந்தது.

மதியம் மூன்று குழாய்கள் வந்தன. காலையில் அண்ணியின் முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி பார்த்தேன். ஆக இந்த மூன்றில் ஒன்று அவர். இருபத்தொன்பதும் இன்னொன்றும் சாதுவாக ஓரமாய் நிற்க, இருபத்தாறு என்று ஒட்டிய குழாய் மட்டும் இரண்டையும் தள்ளிக்கொண்டு நடுவில் நின்றது. வேறு யார்?

மூன்றையும் சுழற்றி, வெள்ளையணுக்களைப் பிரித்து, குழித் தட்டுகளில் ஊற்றி, இன்குபேட்டரில் உட்கார வைத்தேன். அதற்கு முன் மெதுவாக இரண்டு முறை சுழற்றிக் கழுவ வேண்டும். ஒரு முறை கழுவினேன். நாலு மணிக்கு வார்டில் பார்வையாளர் நேரம். ஒன்று போதாதா என்ன, சுத்தமாகத்தானே இருக்கிறது?

மார்ச் 12, புதன்

இருபத்தாறில் கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஐயோ ஐயோ ஐயோ. எங்கே ஆரம்பிப்பேன்!

ஒரு குழிக்கு மட்டும் சாயம் போட்டுப் பார்த்தேன். ரத்தக்குழாய்ச் செல் என்றால் பச்சையாக ஒளிரும் சாயம். விளக்கை அணைத்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் — பச்சை! ஒன்றா இரண்டா, பார்த்த இடமெல்லாம் பச்சை! மழைக்கு மறுநாள் மைதானம் மாதிரி! நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகத்து ஆட்கள் தீ என்று நினைத்து அணைப்பானோடு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். "இத்தனை கொத்தனாரை எந்த ஆராய்ச்சியாளரும் பார்த்ததில்லை" என்று நானே அறிவித்தேன். மேடம் வெளியூர்க் கருத்தரங்கில் இருந்தார். தடுக்க ஆளில்லை.

நேரே வார்டுக்கு இறங்கினேன். லிஃப்ட் வரும்வரை பொறுக்கவில்லை. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு படியிலேயே.

"அண்ணி, உங்க ரத்தம் இருக்கே, ஒரு பட்டாளம்! மூளைக்குள்ள ரோடு போட்டுக்கிட்டிருக்கு. நீங்க பேசப்போறீங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், பழையபடி என்னை வறுத்தெடுக்கப் போறீங்க!"

அண்ணி என் கையைப் பிடித்தார். நல்ல கையால், இடது கையால். கண் நிரம்பியது. "பயணிகளின்..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

மாலைக்குள் வீட்டுக்காரர் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். பஸ் நிலைய மேலாளர் பழக்கூடையோடு வந்து, "மைக்கை வேற யாருக்கும் கொடுக்கலம்மா, உங்களுக்கேதான்" என்று சொல்லிப் போனார்.

நான் நாட்டின் மிகச் சந்தோஷமான பெண்மணி.

மார்ச் 17, திங்கள்

மைனஸ் எண்பது திரும்பி வந்தார்.

நுண்ணோக்கியில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே, "எத்தனை தடவை கழுவுனீங்க?" என்றார்.

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"...ஒண்ணு மேடம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். இன்னொரு சாயத்தை எடுத்து வந்து அதே குழியில் விட்டார். வெள்ளையணு என்றால் சிவப்பாகும் சாயம். பச்சையாக ஒளிர்ந்த அத்தனையும் சிவப்பாகவும் ஒளிர்ந்தன. ஒன்று பாக்கியில்லை.

"சரியாக் கழுவாததால பிளேட்லெட் தங்கிடுச்சு. அதோட துணுக்கு இந்த வெள்ளையணு மேல ஒட்டிக்கிச்சு. துணுக்குலதான் பச்சை பிடிக்குது. இதெல்லாம் வேற ஆளு சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது. கொத்தனார் இல்ல."

கொத்தனார் என்று அவரே சொன்னார். என் பெயர் வைப்பு அவர் காது வரை போயிருக்கிறது. அப்படியானால் மற்றப் பெயரும்? தரையில் ஒரு பள்ளம் இருந்தால் குதித்திருப்பேன்.

"இது இந்தத் துறையிலயே நிறையப் பேர் ஏமாந்த விஷயம்தான்" என்றார். ஆறுதலா, அடியா? இவர் வாயிலிருந்து வந்தால் இரண்டும் ஒரே வெப்பநிலை. "மத்தக் குழிகளைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சத்து நீர் மாத்துங்க. வேஷம் போட்டதெல்லாம் தானா உதிர்ந்துடும். உண்மையானது இருந்தா அப்புறமா வரும். அது எப்பவும் லேட்டாத்தான் வரும்."

அது சரி. அண்ணிக்கு என்ன சொல்வேன்?

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்காரர், "சொல்லாத. அக்கா நம்பிக்கிட்டிருக்கு. நம்பிக்கை நல்லதுதானே" என்றார்.

அப்படித்தான் நினைத்துப் போனேன். ஆனால் அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டார். முப்பது வருடம் கூட்டத்தைப் பார்த்தே எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று கண்டுபிடிக்கிற கண். மறைக்க முடியுமா?

எல்லாவற்றையும் கொட்டினேன். கழுவாதது, வேஷம், சட்டை, தீயணைப்பான், வரிசையில் நிற்க வைத்தது, மைனஸ் எண்பது. அழுதுகொண்டே, "நான்தான் அவசரப்பட்டு ஊரைக் கூட்டினேன் அண்ணி. பச்சைன்னு குதிச்சேன். ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அண்ணி சிரித்தார். வாயின் இடது பாதி மட்டும் முதலில் சிரித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு இருமல் வந்து நர்ஸ் ஓடி வந்து முதுகில் தட்டும்படி ஆயிற்று. மூச்சு வந்ததும் இடது கையைத் தூக்கி, பாத்திரம் தேய்ப்பதுபோல் காற்றில் தேய்த்தார். ஒரு முறை. பிறகு விரலை உயர்த்தி — இரண்டு. இரண்டு முறை கழுவணும்டி.

கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதையே பேசி என் உயிரை எடுப்பார். பேச்சில்லாமலும் எடுக்கிறார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு — எனக்குப் பயமாக இருக்கிறது. நிஜமாகவே. வெறும் கையால் எத்தனை நாள் சண்டை போட முடியும்?

மார்ச் 22, சனி

அண்ணி வீடு வந்துவிட்டார். அவருடைய வீடு, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. பகலில் ஒரு பெண் துணைக்கு, மாலையில் வேலை முடிந்து நான், சாப்பாட்டோடு அவர் தம்பி.

பேச்சுப் பயிற்சிக்குக் குதிரைவால் வந்தாள். ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்றாள். அண்ணி வாயைத் திறந்தார். நான், "குடை!" என்றேன். அடுத்த படம். "சாவி!" என்றேன். மூன்றாவது படத்துக்கு அவள் படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் பேச்சு நல்லா வருது. நீங்க டிஸ்சார்ஜ்."

என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார்கள். கதவிடுக்கில் நின்று கேட்டேன். அண்ணியிடமிருந்து காற்றுதான் வந்தது.

மார்ச் 24, திங்கள்

எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், பரவாயில்லை.

மாலை, அண்ணியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு வழக்கம்போல் வம்பளந்தேன். பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டர்காரிக்கும் இரண்டாவது ஷிஃப்ட் டிரைவருக்கும் நிச்சயமாகிவிட்ட கதை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதை அப்படியே சொன்னால் என் மரியாதை என்னாவது? காது, மூக்கு வைத்தேன். "அவங்க அப்பா அரிவாளைத் தூக்கிட்டு டிப்போவுக்கே வந்துட்டாராம் அண்ணி! டிரைவர் பஸ்ஸுக்கு அடியில ஒளிஞ்சானாம்! கடைசில அந்தப் பொண்ணு —"

"பொ..."

நிறுத்தினேன். அண்ணியின் புருவம் நெரிந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எதையோ கிணற்றுக்குள்ளிருந்து இழுப்பதுபோல் —

"பொய்."

நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. "என்ன சொன்னீங்க?"

"பொய்!" என்றார் அண்ணி, கோபமாக. விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி.

வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னாச்சு? விழுந்துட்டாங்களா?"

"உங்க அக்கா என்னைப் பொய்க்காரின்னுட்டாங்க!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன். கரண்டியில் இருந்தது என் முதுகெல்லாம். இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

மார்ச் 25, செவ்வாய்

குதிரைவாலிடம் போனில் சொன்னேன். இந்த முறை அடக்கத்தோடு. சூடுபட்ட பூனை நான்.

"தானா வந்திருக்குமோ? விக்கல் மாதிரி?"

"என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

சொன்னேன்.

"இல்ல ஆன்ட்டி. நீங்க சொன்னதைக் கேட்டு, தப்புன்னு புரிஞ்சு, எதிர்த்திருக்காங்க. இது அவங்களோடது." அந்தப் பொறுமைசாலியின் குரல் ஒரு படி ஏறியிருந்தது! "சரி, நாளைக்கு என்ன பொய் சொல்லப்போறீங்க?"

"அதுக்கெல்லாம் பஞ்சமே இல்லம்மா."

இந்த வாய்க்கு ஒருநாள் வைத்தியத்தில் வேலை கிடைக்கும் என்று யார் கண்டது.

மார்ச் 28, வெள்ளி

மூன்று நாள், மூன்று பொய். வீட்டுக்காரர் தலையில் முடி முளைக்கிறது என்றேன்: "இல்ல." பஸ் நிலையத்துக்கு விமானம் வரப்போகிறது என்றேன்: "போ... போடி." நான் மெலிந்துவிட்டேன் என்றேன். மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை. அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை.

ஆய்வகத்திலும் இன்று ஒன்று. வேஷம் போட்டவை எல்லாம் கொட்டிப்போய்த் தட்டுகள் காலி மனைபோலக் கிடந்தன. சத்து நீர் மாற்றக் கடனே என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தேன். இருபத்தொன்பதில், ஓரமாக — ஒரு கூட்டம். கொத்துக் கொத்தாய்க் குவிந்து அல்ல. தட்டையாக, ஒன்றோடொன்று விளிம்பு ஒட்டி, கல் பாவிய தெரு மாதிரி. அப்படியொரு ஒழுங்கு. யாரோ உட்கார்ந்து பதித்ததுபோல.

கூச்சல் போடவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

வந்து பார்த்தார். பச்சைச் சாயம்: ஒளிர்ந்தது. சிவப்புச் சாயம்: இருட்டு.

"ம்" என்றார் மைனஸ் எண்பது. உதட்டோரம் லேசாக இளகிற்று. மைனஸ் இருபதுக்கு வந்திருப்பார்.

"இருபத்தாறுல ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

"இருபத்தாறு உங்களுக்கு என்ன உறவு?"

மாட்டிக்கொண்டேன். குழாய் நடுவில் நின்ற கதையைச் சொன்னேன். இந்த வாய்.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இந்த ஆய்வகத்தில் நான் சேர்ந்ததிலிருந்து நடக்காத சம்பவம்.

"அது அவங்களாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் சொல்லமாட்டேன். ஒரு தட்டைப் பாத்து ஒரு ஆளைச் சொல்ல முடியாது. அந்தச் சின்னக் குழாய்ல வந்து மாட்டலைன்னா உடம்புலயே இல்லைன்னு அர்த்தமா? நூத்துக்கணக்கான பேரைச் சேத்துப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும். அதுவும் இந்த செல் பேச்சைக் கொண்டுவராது. குழாயைச் சரிபண்ணும். ரத்தம் போகும். மிச்சத்தை மூளை பழகிப் பழகிக் கத்துக்கணும். அதுக்குப் பக்கத்துல ஆள் வேணும்." பிறகு, "உங்க அண்ணி எப்படி இருக்காங்க?" என்றார்.

"என்னைப் போடின்னாங்க மேடம்."

"நல்ல முன்னேற்றம்" என்றார் சிரிக்காமல்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மோசமான நாள்.

அண்ணி தன் தம்பியைக் கூப்பிட முயன்றார். தொட்டில் காலத்திலிருந்து தூக்கி வளர்த்த தம்பி. பெயர் வரவில்லை. "டிக்கெட்" என்று வந்தது. தப்பு என்று அவருக்கே தெரிந்தது. மறுபடி முயன்றார்: "டிக்கெட்." மறுபடி. ஸ்பூனைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவர், "டிக்கெட்டுன்னே கூப்பிடுக்கா, என்ன இப்போ" என்று சிரித்தார். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

இன்று என்னிடம் பொய் எதுவும் இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா? நாலைந்து சின்னச் சொல், ஒரு "போடி" — இத்தோடு நின்றுவிடுமா?

ஏப்ரல் 16, புதன்

"டிக்கெட்" இன்றும் சமைத்து எடுத்து வந்தார். அண்ணி சாப்பிட்டுவிட்டு, நிதானமாக, "உப்பு. இல்ல" என்றார்.

இரண்டு சொல்! சேர்த்து! அதுவும் என் சமையலைப் பற்றி இல்லை!

மே 23, வெள்ளி

இதை எழுத நான் ஒரு பேனாவையே தீர்க்கலாம்.

நடைப்பயிற்சிக்கு அண்ணியை எங்கே கூட்டிப் போவது என்று யோசித்து, அவருடைய பஸ் நிலையத்துக்கே கூட்டிப்போனேன். வாசலில் கால் வைத்ததும்தான் எனக்கு உறைத்தது. ஆள் வரும்வரை மேலாளர் அண்ணியின் பழைய பதிவுகளையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்! ஒலிபெருக்கியில் அண்ணி. தங்குதடையில்லாமல், மணி மணியாய். எனக்குப் பக்கத்தில் அண்ணி. கையில் ஊன்றுகோல், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"வாங்க அண்ணி, போயிடலாம்" என்றேன். அவர் அசையவில்லை. ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்று, தலையை அண்ணாந்து, தன்னையே கேட்டார். யாரோ வேற்று ஆளைக் கேட்பதுபோல. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைப் பலகையில் இருந்த பிஸ்கட் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"...மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்றது குரல்.

"தப்பு" என்றார் அண்ணி.

"என்ன அண்ணி?"

"மூணு... இல்ல." ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். பழைய பதிவு, வண்டிகளை இடம் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த பஸ் கடைசியில், உறுமிக்கொண்டு, கிளம்பத் தயாராய் நின்றது. மூன்றாவது நடைமேடையில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு தேமே என்று உட்கார்ந்திருந்தது. "அஞ்சு!" என்றார் அண்ணி அவர்களைப் பார்த்து. "அங்க! ஓ... ஓடுங்க!"

ஓடினார்கள்! மூட்டை, பெட்டி, குழந்தை எல்லாவற்றோடும் ஓடினார்கள்! கடைசி ஆள் படியில் தொற்றினதும் பஸ் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது.

அண்ணி தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார். என்னை முறைப்பதுபோலவே அதையும் முறைத்தார். பிறகு மேலாளரின் அறைக்கு நடக்க ஆரம்பித்தார், சரசரவென்று. நான்தான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன்.

உள்ளே மேலாளரை வாங்கு வாங்கென்று வாங்கினார் — மூன்று சொல், நாலு சொல், நடுநடுவே மேஜையில் தட்டல். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் வலிக்கிறது. இனிப்பான வலி.

ஜூன் 2, திங்கள்

பொய் தீர்ந்துகொண்டே வருகிறது. அண்ணி இப்போது திருத்துவதோடு நிற்பதில்லை, என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லவும் ஆரம்பித்திருக்கிறார். குதிரைவாலிடம் இன்று: "இவ... வாய்... மூடாது." நடுவில் இழுவை கொஞ்சம் அதிகம், விஷயம் சரி.

ஜூன் 12, வியாழன்

மதியம். கையுறை மாட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தட்டுகளுக்குச் சத்து நீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் போன் அடித்தது. விட்டேன். மறுபடி அடித்தது.

"யாருன்னு பாருங்க மேடம்" என்றேன், பக்கத்தில் நின்ற மைனஸ் எண்பதிடம். அவசரத்தில் என்ன தைரியம் பாருங்கள்.

அவர் என் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அண்ணின்னு போட்டிருக்கு."

நோய் வந்த பிறகு அண்ணி யாருக்கும் போன் செய்ததே இல்லை. போனில் கை காட்ட முடியாது, முறைக்க முடியாது, பாத்திரம் தேய்த்துக் காட்ட முடியாது, வார்த்தை மட்டும்தான். விழுந்துவிட்டாரா? மறுபடியும் அடைப்பா? மேடம் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

மூச்சுச் சத்தம். காத்திருந்தேன்.

"நீ..."

காத்திருந்தேன்.

"இன்னிக்கு... வராத."

"ஏன் அண்ணி? என்னாச்சு? உடம்பு —" நிறுத்திக்கொண்டேன். மேடத்தின் கை என் காதருகே அசையாமல் இருந்தது.

"எனக்கு," என்றார் அண்ணி. ஒரு நீண்ட மூச்சு. "எனக்கு வேலை இருக்கு."

வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றார் மேடம்.

"என்னை வரவேண்டாம்ங்கறாங்க மேடம்."

அவர் போனைத் திரும்ப என் பையில் போட்டார். பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். "கழுவுறதைப் பாத்துக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். ஏசி தூசி என்று நினைக்கிறேன்.

மாலை ஐந்தரை. வீட்டில் இருக்கிறேன். இந்த நேரத்தில் என் வீட்டில் வெயில் எந்த ஜன்னலில் விழும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இவர் டீ போட்டார். குடித்தோம். பேச ஒன்றும் தோன்றவில்லை. இவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அப்படி என்னதான் வேலையாம் அவருக்கு?